இரண்டு ஐந்தாம் அலகுகள்

ஓய்வுபெற்ற ஊழியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "இனிமையான அனுபவமா இருந்தா நல்லாருக்கும் சேகர் சார்" என்று செயலாளர் நான்கு முறை போன் செய்துவிட்டார். நானும் நான்கு முறை உட்கார்ந்தேன். உட்காருவது எனக்கு என்றைக்கும் ஒத்துவராத காரியம். ஒரு வரி எழுதுவேன், எழுந்து போய் மோட்டார் போடுவேன், தொட்டி நிரம்பிவிட்டதா என்று மாடிக்கு ஏறுவேன். இறங்கி வந்து பார்த்தால் எழுதிய வரி பிடிக்காது. "ரிட்டயர் ஆகியும் கால்ல இருக்கிற சக்கரம் கழல மாட்டேங்குதே" என்று மனைவி திட்டுவாள். இனிமையான அனுபவமே இல்லாமல் இல்லை. ஆனால் பேனாவை எடுத்தால் இனிமையில்லாத ஒன்றுதான் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. போன மாதம் கல்லூரியிலிருந்து தினேஷ் போன் செய்த பிறகு, அதைத் தவிர வேறு எதையும் எழுத முடியாது என்று ஆகிவிட்டது. செயலாளர் மன்னிக்க வேண்டும். பக்கமும் இரண்டைத் தாண்டும்.

நான் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடத்திட்டப் பிரிவில் எழுத்தராக இருந்தவன். பிரிவு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு அறை, இரண்டு மேசை, மூன்று பீரோ, மாணவர்கள் வந்து நிற்க ஒரு ஜன்னல். ஆவடியில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்துவிட்டு வேலையில் சேர்ந்தேன். டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தது. திருநின்றவூரில் மனை வாங்கி வீடு கட்டினேன். ரயிலில் போய் வந்தே முப்பத்து மூன்று வருஷம் ஓடிப்போனது. அதையெல்லாம் விவரித்தால் எனக்கே கொட்டாவி வரும்.

பாடத்திட்டம் எப்படித் தயாராகிறது என்பது படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. நடத்துகிற ஆசிரியர்களிலும் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒவ்வொரு துறையிலிருந்தும் ஆசிரியர்கள் கையால் எழுதிக் கொண்டுவருவார்கள். ஒரு பாடத்துக்கு ஐந்து அலகு. ஒவ்வொரு அலகுக்கும் இத்தனை மணி நேரம், இன்னின்ன தலைப்பு, கடைசியில் பாடநூல்கள். நான் அடித்துக் கொடுப்பேன். அது பாடத்திட்டக் குழுவின் கூட்டத்துக்குப் போகும். வெளியிலிருந்து வரும் பேராசிரியர்கள் மிக்சரைக் கொறித்தபடி, "இதை எடுங்க, அதைச் சேருங்க" என்பார்கள். பென்சிலில் குறித்த தாள்கள் என்னிடம் திரும்பி வரும். அவற்றைத் திருத்தி, மறுபடி அடித்து, சரிபார்த்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்னக் கையெழுத்துப் போட்டுத் துறைகளுக்கு அனுப்ப வேண்டும். அதன் பிறகு அந்தத் தாள்தான் சட்டம். அதை வைத்துத்தான் பாடம் நடக்கும், அதை வைத்துத்தான் கேள்வித்தாள் எடுப்பார்கள்.

சரிபார்ப்பதில் எங்கள் கண்காணிப்பாளர் பாத்திமா மேடத்துக்கு ஒரு முறை இருந்தது. பூந்தமல்லியிலிருந்து வருவார். எட்டரைக்கெல்லாம் நாற்காலியில் இருப்பார். கண்ணால் பார்த்துச் சரி என்று சொன்னால் ஒத்துக்கொள்ளவே மாட்டார். ஒருவர் குழுவின் தாளை வைத்துக்கொண்டு உரக்க வாசிக்க வேண்டும். இன்னொருவர் புதிதாக அடித்த தாளில் பென்சில் முனையை ஒவ்வொரு சொல்லாக நகர்த்த வேண்டும். கமா வந்தால் "கமா" என்று சொல்ல வேண்டும். அதுவும் முதல் அலகிலிருந்து இல்லை, ஐந்தாவதிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். "அஞ்சாவது யூனிட்டுக்கு வரும்போது அடிக்கிறவன் கையும் அசந்துடும், பாக்கிறவன் கண்ணும் அசந்துடும். தப்பெல்லாம் அங்கதான் வந்து ஒளிஞ்சுக்கும். அதனால மொதல்ல அங்க போய்த் தேடு" என்பார்.

எனக்கு அது நரகம். உட்கார்ந்து கமா சொல்லிக்கொண்டிருக்க என் உடம்பு ஒப்பாது. நாற்காலியில் நெளிவேன், ஒரு காலை ஆட்டுவேன். "சேகர், மேசை ஆடுது" என்பார், தலையை நிமிர்த்தாமலே. டீ வந்து ஆறிப்போகும். பக்கம் முடியாமல் டம்ளரைத் தொடக் கூடாது. ஒருமுறை பொறுக்க முடியாமல், "மேடம், இத எவன் மேடம் படிக்கப் போறான்?" என்று கேட்டுவிட்டேன். "படிக்கிறவன் படிப்பான். நீ கமாவச் சொல்லு" என்றார். அவ்வளவுதான் பதில்.

அந்த வருஷம் வணிகவியலுக்குப் புதுப் பாடத்திட்டம். காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் துறை எழுதிக் கொடுத்த ஐந்தாம் அலகு பட்ஜெட் கட்டுப்பாடு. குழு அதை எடுத்துவிட்டு ஸ்டாண்டர்ட் காஸ்டிங்கைப் போட்டது. எங்கள் கல்லூரியில் பகல் வகுப்பும் உண்டு, மாலை வகுப்பும் உண்டு. பாடம் ஒன்றுதான், கேள்வித்தாளும் ஒன்றுதான். ஆனால் பாடக் குறியீட்டு எண் வேறு என்பதால் கம்ப்யூட்டரில் இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு வைத்திருந்தேன். பகல் கோப்பில் திருத்தத்தைப் போட்டேன். அதை நானும் மேடமும் வழக்கம்போல் வாசித்தோம். மாலைக் கோப்பில் திருத்த மறந்துபோனேன்.

மறந்தது கூடப் பெரிதில்லை. மறதியைப் பிடிக்கத்தானே வாசிப்பதே. மறுநாள் மாலை வகுப்புத் தாளை வாசிக்க வேண்டிய நேரத்தில் மேடம் கண் டாக்டரிடம் போய்விட்டு வந்திருந்தார். கண்ணில் மருந்து ஊற்றி, எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிகிறது என்றார். மேசையில் தாள்களை வைத்தேன்.

"வாசிச்சியா?"

"வாசிச்சாச்சு மேடம்."

"யாரு கூட?"

"டிபார்ட்மென்ட் அட்டெண்டரை உக்கார வெச்சு வாசிச்சேன்."

வாய் கூசாமல் வந்தது அந்தப் பொய். எதற்காகச் சொன்னேன் என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை. கல்யாணம், காட்சி எதுவும் இல்லை. ஐந்து மணி வண்டியைப் பிடித்தால் அண்ணனூர் தாண்டியதும் உட்கார இடம் கிடைக்கும். அவ்வளவுதான் அவசரம். மேடம் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, அடியில் இடத்தைத் தடவிப் பார்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நானும் போட்டேன்.

மாலை வகுப்புக்கு வந்த ஆசிரியர் புதியவர். கையில் கொடுத்த தாளில் இருப்பதை அப்படியே நடத்தினார். அவர் மேல் குற்றம் சொல்லவே முடியாது. ஏப்ரலில் பரீட்சை நடந்தது. மறுநாள் காலை ஒரு பெண் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். நீலக் கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை என்று அட்டையைப் பார்த்தே தெரிந்தது. பெயர் மகேஸ்வரி.

"சார், இது இன்னா சார் அநியாயமா கீது? எங்களுக்குக் குட்த்த பேப்பர்ல பட்ஜெட்டுன்னு கீது. கொஸ்டின்ல வேற இன்னாவோ சம்மு கேட்டுகீறாங்க. ரெண்டு பெரிய கொஸ்டினும் அப்டியே பூட்ச்சு."

ஜெராக்ஸ் தாளை ஜன்னல் கம்பிக்குள் நீட்டினாள். அடியில் இரண்டு கையெழுத்தும் பளிச்சென்று இருந்தன. பார்த்ததுமே எனக்குப் புரிந்துபோனது.

"கம்பெனில ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் போஸ்ட் காலியா கீது சார். ஜூன் மாசத்துக்குள்ள பாஸ் ஆய்ட்டேன்னு காட்டுனா எனக்குத்தான்னு மேனேஜர் சொல்லிகீறாரு. இல்லன்னா லைன்லயே நின்னுகினு இருக்க வேண்டியதுதான். எட்டு அவர் நிக்கிறேன் சார். கால் வீங்கிப் போவுது."

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் சொன்னது என்ன தெரியுமா? "டிபார்ட்மென்ட்ல போய்க் கேளும்மா." அவள் அந்தத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் ரயிலில் திருநின்றவூர் வந்ததே தெரியாமல் திருவள்ளூர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

முடிவு வந்தது. மாலை வகுப்பில் ஏழு பேர் அந்தப் பாடத்தில் மட்டும் தோற்றிருந்தார்கள். மகேஸ்வரியும் அதில் ஒருத்தி. துறை புகார் எழுதியது. முதல்வர் விசாரணை வைத்தார். விசாரணைக்கு முந்தின நாள்தான் எனக்கு வாய் திறந்தது. பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்த மேடத்தின் பின்னால் போய் நின்று, "மேடம், அன்னிக்கு நான் வாசிக்கல" என்றேன்.

திரும்பவில்லை. சாவியைப் பூட்டிலிருந்து எடுத்து, கைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்த பிறகுதான் திரும்பினார்.

"அட்டெண்டர உக்கார வெச்சேன்னு சொன்னியே?"

"பொய் மேடம்."

"எதுக்கு?"

"ட்ரெயின் மேடம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ட்ரெயினா" என்று ஒருமுறை சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. பெரிய அளவில் பாராட்டு விழா வைப்பதாக முதல்வரே சொல்லியிருந்தார். அவர் கையெழுத்துப் போட்ட தாளில் பிழை என்று அதுவரை ஒருத்தரும் ஜன்னலுக்கு வந்ததில்லை.

மறுநாள் முதல்வர் அறையில் இருவரும் நின்றோம். முதல்வர் தாளைத் தூக்கிக் காட்டி, "இதை வாசிச்சது யாரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "சைன் என்னோடது சார். வாசிக்காம போட்டுட்டேன்" என்றார் மேடம். முதல்வர் என்னைப் பார்த்தார். "சேகர், நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

ஒரே ஒரு வார்த்தை போதும். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

வெளியே வந்ததும் மாடிப்படியில் மேடத்தை வழிமறித்தேன். "ஏன் மேடம் இப்படிப் பண்ணீங்க?" என்றேன். அவருக்கு வந்ததே கோபம். "உனக்காகன்னு நெனச்சுக்காத. நான் சொன்னது நெஜம். கண்ணு தெரியலன்னா நாளைக்கி வா, வாசிச்சுட்டுப் போடறேன்னு சொல்லியிருக்கணும். போட்டேன். அது என் தப்பு. உன் தப்ப நீதான் சொல்லணும். உனக்கு இன்னும் ஒம்பது வருஷம் சர்வீஸ் இருக்கு, எனக்குப் பதினெட்டு நாள். எப்ப சொல்றேன்னு நீயே முடிவு பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

மெமோ அவருக்குப் போனது. பாராட்டு விழா, எங்கள் அறையில் சமோசா, டீயோடு முடிந்தது. முதல்வர் வரவில்லை. நானும் ஒன்பது வருஷத்தில் சொல்லவில்லை. எனக்கு விழா நடந்தது. சால்வை போட்டார்கள், குறை சொல்ல முடியாத பணி என்று மைக்கில் பேசினார்கள். நான் சால்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஏழு பேருக்கும் ஒரு தீர்மானம் போட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்த தாளில் உள்ள ஐந்தாம் அலகே அவர்களுக்குச் செல்லும். இனி எப்போது எழுதினாலும் கேள்வி அதிலிருந்தே கேட்கப்படும். கீழே ஏழு பதிவெண். ஆகஸ்ட் மாதம் தனிப் பரீட்சை வைத்தார்கள். ஆறு பேர் வந்து எழுதித் தேறினார்கள். மகேஸ்வரி வரவில்லை. ஜூன் முடிந்து, அந்தச் சூப்பர்வைசர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதாக அவள் தோழி சொன்னாள்.

இப்போது தினேஷின் போனுக்கு வருகிறேன். தினேஷ் இன்று என் நாற்காலியில் இருப்பவர். நாற்பதை நெருங்குகிற மனிதர், நல்ல வேலைக்காரர். இப்போது பாடத்திட்டமெல்லாம் இணையதளத்தில் இருக்கிறது. கேட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு தட்டு, போய்ச் சேர்ந்துவிடும். போன மாதம் காலையில் கூப்பிட்டார்.

"சார், பழைய அரியர் வெச்சிருக்கிறவங்களுக்கு ஸ்பெஷல் சான்ஸ் அறிவிச்சிருக்காங்க இல்ல, அதுக்கு உங்க டைம் ஈவ்னிங் பேட்ச்ல ஒரு அம்மா அப்ளை பண்ணியிருக்காங்க. மகேஸ்வரின்னு பேரு. பைல்ல பார்த்தா ரெண்டு சிலபஸ் இருக்கு சார். ரெண்டுலயும் உங்க இனிஷியல். அஞ்சாவது யூனிட் மட்டும் வேற வேற. எது சார் கரெக்டு?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். "எதையும் அனுப்பாதீங்க. நான் வரேன்."

"நேத்தே அனுப்பிட்டேனே சார். வெப்சைட்ல இருக்கிறதத்தான். ஒரு யூனிட்தானே, பெருசா என்ன ஆயிடப் போவுது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்று நினைவில்லை. பாவம், அவர் என்ன செய்வார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ரயிலில் உட்கார இடம் இருந்தும் அம்பத்தூர் வரை வாசல் பக்கத்திலேயே நின்றுகொண்டு போனேன். பரீட்சைக்கு மூன்றே வாரம். பத்துப் பதினோரு வருஷம் கழித்து ஒருத்தி துணிந்து புத்தகத்தை எடுத்திருக்கிறாள். அவள் கையில் மறுபடியும் தப்பான ஐந்தாம் அலகு!

மூன்றாவது பீரோவின் அடித்தட்டில் தீர்மானம் கிடைத்தது. மூன்றாவது வரியில், 'கண்காணிப்பாளர் பாத்திமா அவர்களின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை' என்று இருந்தது. அடித்தது நான்தான். என் கையாலேயே அந்த வரியை அடித்திருக்கிறேன். தினேஷ் அதைப் படித்துவிட்டு, "ஓ, அந்த மேடம் பண்ண தப்பா சார்?" என்றார். நான் தீர்மானத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "முதல்ல அந்தப் பொண்ணுக்குப் போன் போடுங்க" என்றேன்.

பின்னால் மெஷின் சத்தத்தோடு அவள் குரல் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா சார், இந்தத் தபாவும் ரெண்டு அஞ்சா?" என்று சிரித்தாள். சிரிப்பு நல்ல சிரிப்பில்லை. "நான் இப்போ குத்தம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனில கீறேன் சார். இன்னும் லைன்லதான். நான் வேல கத்துக்குட்த்த பொண்ணுங்க மூணு பேரு எனக்கு மேல சூப்பர்வைசரா வந்துட்டாங்க, டிகிரி கீதுன்னு. அதான் எழுதிப் பாத்துருவோம்னு பணத்தக் கட்னேன். நேத்து வந்த பேப்பரப் பாத்து ராவெல்லாம் தூக்கமே இல்ல. அது நான் படிச்சதே கெடையாது."

"நீ படிச்சதுதாம்மா உனக்கு. பட்ஜெட்தான். தீர்மானம் இருக்கு. பரீட்சைப் பிரிவுக்கு இன்னிக்கே எழுதிக் குடுக்குறோம்."

மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினாள்.

"அப்போ அன்னிக்கி யாரு சார் தப்பு பண்ணது? யாரோ ஒரு மேடம்னு சொன்னாங்களே?"

தினேஷ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "அவங்க இல்லம்மா. நான்தான். ஜன்னல்ல உன்னைத் திருப்பி அனுப்புனதும் நான்தான்" என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். போனைக் காதில் அழுத்திக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

"எனுக்கு இப்போ உங்கள இன்னா சொல்றதுன்னே தெர்ல சார்" என்றாள் கடைசியில். "மெஷின் நின்னாச் சத்தம் போடுவாங்க. எத்த படிக்கணுமோ அத்த மட்டும் கரீட்டா படிச்சுச் சொல்லு. எழுதிக்கிறேன்."

தினேஷைத் தாளோடு எதிரில் உட்கார வைத்தேன். ஐந்தாம் அலகிலிருந்து வாசித்தேன். கமா வந்தபோது கமா என்றேன். என் கால் ஆடவில்லை.

அதற்கப்புறம்தான் இந்தக் கட்டுரையை எழுதினேன். எழுதி எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்குப் போனேன். மேடம் வீட்டில்தான் இருந்தார். கண் ஆபரேஷன் ஆகி இப்போது நன்றாகத் தெரிகிறதாம். முகவுரையெல்லாம் சொல்லி, முதல் பக்கத்தைப் பிரித்தேன்.

"கடைசிப் பக்கத்துல இருந்து வாசி" என்றார்.

கடைசிப் பக்கத்தில்தான் நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, உருகி உருகி எழுதியிருந்தேன். வாசித்து முடித்துத் தாளை மடித்தேன். மேடம் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார்.

"இவ்ளோ நாளாச்சா உனக்கு?" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அந்தப் பொண்ணுக்குப் பரீட்சை என்னிக்கு?" என்று கேட்டார்.

"வர்ற வியாழக்கிழமை மேடம்."

"நல்லா எழுதட்டும். அல்லாஹ் நாடினா பாஸ் ஆவா. இத என்ன இப்படி அழுது வடிச்சு எழுதி வெச்சிருக்க? தப்ப நாம எப்படித் திருத்துவோம்? எந்த வரி, என்ன இருக்கு, என்ன இருக்கணும். அவ்ளோதானே. அடிச்சுட்டு எடுத்துட்டு வா."

அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். செயலாளர் இதற்குக் கீழே உள்ளதை ஒரு எழுத்தும் மாற்றாமல் போட வேண்டும். தினேஷ் இதன் பிரதி ஒன்றைத் தீர்மானத்தோடு சேர்த்துக் கோப்பில் வைக்கச் சம்மதித்திருக்கிறார். நேற்று மேடத்திடம் கொண்டுபோனேன். இரண்டு வரியை, பென்சில் முனையை நகர்த்தி நகர்த்தி, மூன்று முறை என்னை உரக்க வாசிக்கச் சொன்னார். டீ ஆறிப்போனது. அதன் பிறகுதான் பேனாவைக் கேட்டார்.

பிழைதிருத்தம்: தீர்மானத்தின் மூன்றாவது வரியில், 'கண்காணிப்பாளர் பாத்திமா அவர்களின் கவனக்குறைவால்' என்றிருப்பதை, 'எழுத்தர் சேகர், வாசிக்காமலே வாசித்ததாகச் சொன்ன பொய்யால்' என்று திருத்தி வாசிக்கவும்.

வாசித்தவர்: சேகர்.
சரிபார்த்தவர்: பாத்திமா.